சொட்டோ என்றால் கொஞ்சம்

தொழிற்சாலையில் அவரைச் 'சான்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஜப்பானியர்கள் யாருடைய பெயரைச் சொன்னாலும் பின்னால் மரியாதைக்கு ஒரு 'சான்' ஒட்டுவார்கள். இவருக்கும் ஒட்டினார்கள். நாளடைவில் முன்னால் இருந்த பெயர் உதிர்ந்துபோய் மரியாதை மட்டும் மிஞ்சியது. சம்பளம் போடுகிற பெண்ணுக்கே அவருடைய சொந்தப் பெயர் சட்டென்று நினைவுக்கு வராது. அவருக்கும் அதில் வருத்தம் கிடையாது. பெயர் எல்லாருக்கும்தான் இருக்கிறது, மரியாதை எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கேட்பார்.

கார் கதவின் ஓரத்தில் வைக்கும் ரப்பர் பட்டை செய்கிற இடம் அது. சூட்டு அடுப்பிலிருந்து நீளமாக வெளியே வரும் பட்டையை விரலால் தடவி, எங்கே கொப்புளம், எங்கே வெட்டு என்று பார்த்து ஒதுக்குவது சானின் வேலை. அதை ஒழுங்காகவே செய்தார். ஆனால் அவருடைய புகழ் ரப்பரால் வந்ததில்லை. தாய்க் கம்பெனியிலிருந்து வந்து உட்கார்ந்திருந்த ஜப்பானிய ஆலோசகரின் பேச்சு அந்தக் கட்டடத்திலேயே இவர் ஒருவருக்குத்தான் புரியும் என்பதால் வந்தது.

எப்படிக் கற்றுக்கொண்டார் என்றால், காதால்தான். ஆலோசகர் 'தமே' என்றால் பட்டை குப்பைக்குப் போனது. ஆகவே தமே என்றால் சரியில்லை. 'மோ இக்காய்' என்றால் மறுபடி ஒரு தடவை. 'சொட்டோ மத்தே' என்று உள்ளங்கையைக் காட்டினால் எந்திரத்தை நிறுத்திவிட்டு நிற்க வேண்டும். ஆகவே கொஞ்சம் இரு. இதில் சொட்டோவின் மேல் அவருக்குத் தனிப் பிரியம். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களை நிறுத்திவைத்து விளக்குவார்.

"சொட்டுத் தண்ணி, சொட்டு எண்ணெய்னு நாம சொல்றோம்ல? அதேதான். சொட்டோன்னா கொஞ்சம். போறேன், வர்றேன்லாம் அவங்களும் கடைசியிலதான் சொல்றாங்க, நாமளும் கடைசியிலதான் சொல்றோம். அது வேற பாஷையே இல்லப்பா. நம்ம பாஷைதான் கப்பல் ஏறிப் போயி, சளி பிடிச்சுத் திரும்பி வந்திருக்கு."

இந்த ஆராய்ச்சியை யாரும் மறுக்கவில்லை. மறுக்க வேண்டுமானால் ஜப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டும். ஆலோசகருக்குத் தெரியும், ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. இந்த இரண்டு தெரியாமைகளுக்கும் நடுவில் சான் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். தெரிந்த சொற்களை முதலில் போடுவார், தெரியாத இடங்களைத் தைரியத்தால் நிரப்புவார்.

மொழிபெயர்ப்பில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது உண்மைதான். விடுமுறை நாளில் வேலைக்கு வர முடியுமா என்று ஆலோசகர் கேட்டால், தொழிலாளர்கள் "பார்க்கலாம்" என்பார்கள். நம்மில் யாருக்கும் அதன் அர்த்தத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் சான் நேர்மையானவர். பார்க்கலாம் என்றால் 'மிமஷோ'. அப்படியே சொல்வார். ஆலோசகர் உடனே மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பார்ப்பதற்குத் தயாராக எழுந்து நிற்பார். என்னத்தைக் காட்டுவது? ஏதாவது ஓர் எந்திரத்தைக் காட்டுவார்கள். அதில் ஏதாவது ஒரு பழுது இருக்கும். அந்த வகையில் எந்திரங்கள் நன்றாகவே பராமரிக்கப்பட்டன.

அடுப்புப் பக்கம் நிற்கிறவர்கள் இன்னொரு மின்விசிறி கேட்டார்கள். ஆலோசகர் தலையைச் சாய்த்து, "சொட்டோ…" என்று இழுத்தார்.

"கொஞ்சம் பொறுக்கச் சொல்றார்" என்றார் சான்.

பொறுத்தார்கள். அடுத்த கோடையிலும் கேட்டார்கள், அப்போதும் சொட்டோதான். ஆலோசகர் நல்ல மனுஷன், என்ன, கொஞ்சம் மெதுவான ஆள் என்று பேசிக்கொண்டார்கள். பக்கத்துத் தொழிற்சாலைகளில் எல்லாம் வேலைநிறுத்தம் நடந்தபோது இங்கே மட்டும் ஈ எறும்புக்குக்கூடக் கோபம் வரவில்லை. இந்த அமைதிக்குக் காரணம் சிறந்த நிர்வாகம் என்று சுவரில் ஒரு பாராட்டுப் பத்திரம் தொங்கியது.

இவ்வளவும் மற்றவர்கள் கதை. சானுக்கென்று ஒன்று இருந்தது. ஆண்டுதோறும் இங்கிருந்து சிலரைத் தாய்த் தொழிற்சாலைக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். போய்வந்தவர்கள் அங்கே ரயில் எப்படி வழுக்கிக்கொண்டு வரும், தெருவில் ஒரு காகிதம் கிடக்காது என்று வருஷக்கணக்கில் பேசுவார்கள். அவர்களில் ஒருத்தருக்கும் நாலு வார்த்தை ஜப்பானிய மொழி தெரியாது. மொழி தெரிந்த தன்னை இன்னும் கூப்பிடவில்லையே என்று ஒருநாள் அடுப்படியில் வைத்து ஆலோசகரிடம் தானே கேட்டுவிட்டார். ஆலோசகர் பல் இடுக்கால் காற்றை உள்ளே இழுத்தார். தலையைச் சாய்த்தார். தன் காலணிகளைப் பார்த்தார். பிறகு, "ஸொரே வா… சொட்டோ…", அதாவது 'அது வந்து… கொஞ்சம்…' என்று சொல்லி அப்படியே விட்டுவிட்டார்.

சான் அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தார். மனைவியை நிற்கவைத்து, ஆலோசகர் காற்றை இழுத்தது, தலையைச் சாய்த்தது எல்லாவற்றையும் நடித்துக் காட்டினார். "கொஞ்சம் பொறுன்னு சொல்லிட்டார். அப்படின்னா அடுத்த தடவை நான்தான்." அந்த வாரமே சக்கரம் வைத்த நீலப் பெட்டி ஒன்று வீட்டுக்கு வந்தது. சில நாள் கழித்துப் பார்த்தால், அதற்குள் மனைவி கம்பளிகளை மடித்து வைத்திருந்தாள்.

"பயணத்துக்கு வாங்கின பெட்டியில எதுக்கு இதை வைக்கிறே?"

"கூப்பிடட்டும், எடுத்துடறேன்" என்றாள்.

பெட்டி அலமாரிக்கு மேலே போனது. அப்போது தவழ்ந்துகொண்டிருந்த மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். கம்பளிகள் பெட்டிக்குள்தான் இருந்தன. அவர் பொறுத்துக்கொண்டுதான் இருந்தார். பொறு என்று சொன்னவரை நச்சரிப்பது அழகில்லை என்பதால் இரண்டாம் முறை கேட்கவும் இல்லை.

இந்த நிலையில்தான் புது மேலாளர் வந்தார். சுறுசுறுப்பானவர், எதற்கும் சான்றிதழ் கேட்கிறவர். ஜப்பானியர்களோடு பேசுகிற வேலைக்குத் தனியாக ஒரு பதவி, அதற்குக் கண்ணாடி அறை, அந்தப் பதவியில் இருப்பவர் அடுத்த குழுவோடு ஜப்பானுக்கும் போவார் என்று அறிவித்தார். ஒரே நிபந்தனை, ஜப்பானிய மொழித் திறன் பரீட்சை எழுதியிருக்க வேண்டும். சான் முதலில் சந்தோஷத்தில் அந்தக் கண்ணாடி அறையை மனசுக்குள் அளந்து பார்த்தார். பிறகுதான் பரீட்சை என்ற சொல் உறைத்தது. அவர் கடைசியாகப் பரீட்சை எழுதியது பள்ளிக்கூடத்தில். அந்தப் பரீட்சையின் முடிவால்தான் ரப்பருக்கு வந்தார்.

சம்பளம் போடுகிற பெண்தான் பெயர்களைப் பதிவு செய்தாள். "சான் சார், உங்களுக்கு இது சும்மா பேருக்குத்தானே. எந்த நிலை போடட்டும்? மொத்தம் அஞ்சு இருக்கு."

அஞ்சாம் வகுப்பு ஒன்றாம் வகுப்பைவிடப் பெரிது என்பது உலகத்துக்கே தெரியும். "அஞ்சையே போடுங்க" என்றார் சான், உயரத்துக்கு அஞ்சாதவர் குரலில்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்குத்தான் சார் எவ்வளவு அடக்கம்."

இதில் அடக்கம் எங்கே வந்தது என்று அவருக்கு விளங்கவில்லை. இருந்தாலும் வந்த பாராட்டைத் திருப்பி அனுப்புகிற பழக்கம் அவரிடம் இல்லை.

படிக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வராமல் இல்லை. ஆனால் எங்கே படிப்பது? சாப்பாட்டு இடைவேளையில் புத்தகத்தைப் பிரித்தால், "என்ன சான் அண்ணே, உங்களுக்கே படிப்பா?" என்று கேட்பார்கள். கேட்கவும் செய்தார்கள். "சேச்சே, தனியா என்ன படிக்கிறது. அப்படியே போய் எழுதிட்டு வர வேண்டியதுதான்" என்று ஒருதரம் சொல்லிவைத்தார். சொல்லிப் பார்த்தபோது அது நன்றாக இருந்தது. தேறினால், படிக்காமலே தேறினவர். தேறாவிட்டால், படிக்காததால் தேறாதவர். இரண்டு பக்கமும் மானம் பத்திரம். அன்றிலிருந்து எல்லாரிடமும், கேட்காதவர்களிடமும் அதையே சொன்னார்.

வீட்டில்தான் ஓட்டை விழுந்தது. மகளும் வேலைக்கு உதவும் என்று ஜப்பானிய வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள், அதே பரீட்சைக்குப் பணமும் கட்டியிருந்தாள். அப்பாவும் அஞ்சாம் நிலை என்று கேள்விப்பட்டதும் அவள் கண் விரிந்தது.

"என்னப்பா இது, நானும் அஞ்சுதானே. அதானே கடைசி."

"கடைசின்னா உச்சம்தானே?"

"இல்லப்பா. அங்க தலைகீழ். ஒண்ணுதான் உச்சம். அஞ்சு அரிச்சுவடி."

சான் பத்திரிகையைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். பத்திரிகைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அரிச்சுவடிக்கெல்லாம் யாராவது படிப்பாங்களா?" இப்போது அவருடைய தீர்மானம் இன்னும் கெட்டியாகிவிட்டது. ஆனால் உள்ளே பயமும் கூடிவிட்டது. மகள் தேறி அப்பா தேறாத அரிச்சுவடி என்றால் வெளியே தலைகாட்ட முடியாது.

ஆகவே அவர் படிக்கவில்லை, மகள் படிக்கும்போது பக்கத்தில் தற்செயலாக உட்கார்ந்திருந்தார். அவள் எழுத்து எழுதினால் எட்டிப் பார்ப்பார். உதிரிபாகப் பெட்டிகளின் மேல் பார்த்துப் பழகிய எழுத்துகள் பாதி தெரிந்தன. மீதியை அவள் சத்தமாகச் சொல்லும்போது காதில் வாங்கிக்கொண்டார். பத்திரிகையின் அதே பக்கத்தை நாள்கணக்கில் அவர் வாசித்துக்கொண்டிருந்ததை யாரும் கேட்கவில்லை.

பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம், மகள் கைப்பேசியில் கேட்டல் பயிற்சியை ஓடவிட்டாள். ஓர் ஆண் குரல், சனிக்கிழமை படம் பார்க்க வருகிறாயா என்று கேட்டது. ஒரு பெண் குரல் பதில் சொன்னது: "சனிக்கிழமை… சொட்டோ…" அவ்வளவுதான். பெண் என்ன செய்யப்போகிறாள் என்பது கேள்வி.

சானுக்குப் பொறுக்கவில்லை. பத்திரிகையை இறக்கினார். "இது தெரியாதா? கொஞ்சம் பொறுத்து வர்றேங்கறா."

"இல்லப்பா. வரலைங்கறா."

"எங்க அப்படிச் சொன்னா? அவ பேச்சையே முடிக்கலையே."

"முடிக்கலைன்னா அதுதான் அர்த்தம். மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்ல மாட்டாங்க. சொட்டோன்னு இழுத்து விட்டுட்டா, முடியாது, இதோட விட்டுடுன்னு அர்த்தம். எங்க டீச்சர் முதல் வாரமே சொல்லிட்டாங்க. நாமகூட, 'கொஞ்சம் கஷ்டம்தான்'னு சொன்னா அப்படித்தானே?"

"அப்போ, இருன்னு சொல்ற மத்தே எங்கே போச்சு?"

"மத்தே இல்லவே இல்லப்பா. நீங்களா சேர்த்துக்கிட்டீங்க."

அவள் விடையைத் திருப்பிப் பார்த்துச் சரி என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். சான் போகவில்லை. மனசுக்குள் அவர் மறுபடி தொழிற்சாலையின் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். ஆலோசகர் காற்றை உள்ளே இழுக்கிறார், தலையைச் சாய்க்கிறார், காலணியைப் பார்க்கிறார். பாவம், அந்த மனுஷன் எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறார். மின்விசிறி வராது. அடுப்புச் சூடு கலைந்தால் பட்டை கெடும், எப்படி வரும்? ஜப்பானும் வராது. அன்றைக்கே வராது என்று சொல்லிவிட்டார். பொறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மகள் வளர்ந்து ஆளாகிற காலம் முழுக்க நின்றிருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட அதிகமாகத் துக்கமாக இருந்தது.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்த அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். "நாளைக்கு நான் பரீட்சைக்குப் போகலை."

"ஏங்க?"

"உடம்பு ஒரு மாதிரியா இருக்கு."

அவள் நெற்றியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவர் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். சொட்டோவைச் சொன்னார், மத்தே இல்லாததைச் சொன்னார். "அந்த ஆள் அன்னிக்கே முடியாதுன்னுட்டார்."

"தெரியும்" என்றாள் அவள், ஒரு சட்டையின் கையை மடித்தபடி.

"உனக்கு யார் சொன்னா?"

"நீங்கதான். வந்து நடிச்சுக் காட்டினீங்களே. மூச்சை இழுத்தார், தலையைச் சாய்ச்சார், தரையைப் பார்த்தார்னு. தர்றேன்னு சொல்ற மனுஷன் எதுக்குத் தரையைப் பார்க்கணும்?"

சான் தலையைத் தூக்கி, அலமாரிக்கு மேலிருந்த நீலப் பெட்டியைப் பார்த்தார். வாங்கின சில நாளிலேயே கம்பளி உள்ளே போனது இப்போதுதான் அவருக்கு மொழிபெயர்ந்தது.

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"அவ்வளவு ஆசையா நின்னீங்க. உங்க மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு எப்படிச் சொல்றது?" அவள் சட்டையை அடுக்கில் வைத்தாள். "நாளைக்குப் போகலைன்னா போகலைன்னு சொல்லுங்க. பயமா இருக்குன்னு சொல்லுங்க. எதுக்கு நடுவுல உடம்பை இழுக்கறீங்க? நீங்களும் அந்த ஆலோசகர் மாதிரியே பேசக் கத்துக்கிட்டீங்க."

அவருக்குச் சுருக்கென்றது. மறுநாள் அவர் பரீட்சைக்குப் போனது மொழிமேல் உள்ள பற்றால் என்று யாராவது எழுதினால் அது பொய். ரோஷத்தால் போனார்.

பரீட்சைக் கூடத்தில் அவரைக் கண்காணிப்பாளர் என்று நினைத்து இரண்டு பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். உட்காரச் சொல்லிவிட்டுத் தானும் ஒரு குட்டி நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். எழுத்துப் பகுதியில் தெரிந்ததற்கு வட்டத்தைக் கறுப்பாக்கினார், தெரியாததற்கும் தாராளமாகக் கறுப்பாக்கினார். கேட்டல் பகுதி வந்தது. பென்சிலைக் கூராகப் பிடித்துக்கொண்டார். உலகத்தில் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்த கேள்வி ஒன்று உண்டு, அது வரட்டும் என்று காத்திருந்தார். பேருந்து எத்தனை மணிக்கு என்றார்கள். அக்காவின் குடை எது என்றார்கள். பூனை மேசைக்கு மேலேயா கீழேயா என்றார்கள். சொட்டோ வரவே இல்லை. ஒலிபெருக்கி நன்றி சொல்லிவிட்டு அடங்கியபோது அவருக்குச் சாப்பாட்டுப் பந்தியில் இலை மாறிப்போன மாதிரி ஆத்திரமாக வந்தது.

"எப்படிப்பா இருந்துச்சு?" என்று வாசலில் மகள் கேட்டாள்.

"நான் படிச்சதை மட்டும் விட்டுட்டாங்க" என்றார்.

படித்தேன் என்று அவர் வாயிலிருந்து வந்ததை அவள் கவனித்தாள், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவின் பிள்ளை.

மறுநாள் காலை மேலாளர் கூப்பிட்டனுப்பினார். கண்ணாடி அறையில் ஆலோசகரும் உட்கார்ந்திருந்தார். "வாங்க சான். பரீட்சை எழுதிட்டீங்களாமே. முடிவு வர நாளாகும். எனக்கு அதுவரைக்கும் காத்திருக்கப் பொறுமையில்லை. அடுத்த குழுவில உங்க பேரைச் சேர்க்கலாம்னு இருக்கேன். அவர் சம்மதம் வேணும். நீங்களே கேட்டுச் சொல்லுங்க."

தன்னைப் பற்றித் தானே கேட்டுத் தனக்கு வரும் பதிலைத் தானே சொல்ல வேண்டும். சான் ஆலோசகர் பக்கம் திரும்பி, தெரிந்த சொற்களை ஒழுங்காக அடுக்கிக் கேட்டார். இந்தத் தடவை நடுவில் தைரியம் எதையும் போடவில்லை. ஆலோசகருக்கும் தலை நரைத்துவிட்டிருந்தது. அவர் பல் இடுக்கால் காற்றை இழுத்தார். தலையைச் சாய்த்தார். தரையைப் பார்த்தார்.

"ஸொரே வா… சொட்டோ…"

மேலாளர் ஆவலாகச் சானைப் பார்த்தார். ஒரு சொல்தான். 'கொஞ்சம் பொறுக்கச் சொல்றார்' என்றால் போதும், மேலாளர் மறுபடி கேட்பார், பெட்டி அலமாரி மேலேயே இருக்கும், எல்லாரும் சௌக்கியமாக இன்னும் கொஞ்ச காலம் பொறுத்திருக்கலாம். அந்தச் சொற்கள் சானின் நாக்கு நுனி வரை வந்தன. பழகின வழி ஆயிற்றே. அவர் அவற்றை விழுங்கினார்.

"முடியாதுங்கறார் சார்."

இத்தனை வருஷம் அந்தத் தொழிற்சாலையில் இருந்த ஆலோசகர் கற்றுக்கொண்ட தமிழ்ச் சொல் ஒன்றே ஒன்று. அடுப்படியில் நாள் முழுக்கக் கேட்கிற சொல், 'முடியாது'. அதைக் கேட்டதும் அவர் விருட்டென்று தலையைத் தூக்கிச் சானைப் பார்த்தார். காது வரை சிவந்துபோய், எழுந்து நின்று, எந்த அதிகாரிக்கும் குனியாத அளவு குனிந்தார். சானும் பதிலுக்குக் குனிந்தார். கண்ணில் நின்ற தண்ணீர் தரையில் சொட்டியதை, ஆலோசகர் நிமிரும் முன்னால் காலால் தேய்த்துவிட்டார்.

மேலாளருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னய்யா இது, அவர் ஒரு வார்த்தைதானே சொன்னார். அதையும் முழுசா முடிக்கலை. அதுக்குள்ள முடியாதுன்னு எப்படி இவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"இந்த ஒரு கேள்விக்குத்தான் சார் நான் படிச்சிருந்தேன்" என்றார் சான்.